நா ஓய்ந்த பின்னும் கவிதை

புர்தா ஷரீபு ஓதப்படும் மஜ்லிஸ்களில் அது பிறந்த வரலாற்றையும் சொல்லுவது வழக்கம். இமாம் பூஸீரி (ரஹ்) அவர்களுக்குப் பாரிசவாயு கண்டு உடலின் ஒரு பாதி செயலற்றுப் போயிற்று. அந்நிலையில் அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் புகழ்ந்து ஒரு கஸீதா இயற்றினார்கள். கனவில் பெருமானார் (ஸல்) அவர்கள் தோன்றித் தங்கள் திருக்கரத்தால் தடவி, போர்வையையும் போர்த்தினார்கள். விழித்தபோது நோய் நீங்கியிருந்தது. நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்த செய்தி இது.

ஆயின் இதனைச் சொல்லுவோர் பெரும்பாலும் குணத்தையே அழுத்திச் சொல்லி, அதற்கு முன் நிகழ்ந்ததை விரைந்து கடந்துவிடுகின்றனர். வரலாற்றின் முறைமையை நோக்குக. கஸீதா முதலில் வந்தது. குணம் பின்னரே வந்தது. குணமடைந்த கவிஞர் நன்றியாக எழுதிய பாடலன்று அது. ஒரு கை அசையாத, ஒரு கால் ஊன்றாத மனிதர், தாம் மீண்டும் எழுவோமா என்பதை அறியாமலே செய்த வேலை அது. அற்புதம் நோயைப் போக்கியது. கவிதையை இயற்றியது கவிஞரின் உழைப்பே. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால், நோயுற்ற கலைஞனின் படைப்பை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினாவுக்கு ஒரு வழி புலப்படும். இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது அதனையே. கஸீதாவின் சில அடிகளைக் குறித்து மார்க்க அறிஞரிடையே நிலவும் கருத்து வேறுபாடு இங்கு நமக்குப் பொருளன்று.

இமாமவர்கள் ஹிஜ்ரி 608இல் எகிப்தில் பிறந்து, 690களில் அலெக்சாந்திரியாவில் மறைந்தார்கள். பில்பைஸ் நகரில் அரசு எழுத்தராகப் பணியாற்றிய காலத்தில், பொதுப் பணத்தைச் சூறையாடிய அலுவலர்களை இடித்துப் பாடியவர்கள். புர்தாவுக்கு முன்னரே கவிதையில் நெடுங்காலம் தோய்ந்த கை அது. ஏறத்தாழ 160 பைத்துகள், அனைத்தும் பஸீத் என்னும் ஒரே யாப்பில், அனைத்தும் மீம் என்னும் ஒரே எழுத்தில் முடியும் இயைபில் அமைந்தவை. பழைய அரபுக் கவிஞர் மரபுப்படி பிரிவாற்றாமையில் தொடங்கி, நஃப்ஸின் தீமையை எச்சரித்து, பெருமானாரின் (ஸல்) பிறப்பு, முஃஜிஸாத்துகள், குர்ஆனின் சிறப்பு, மிஃராஜ் ஆகியவற்றின் வழியே நடந்து, இறுதியில் முனாஜாத்தில் வந்து நிற்கும் அதன் கட்டுக்கோப்பு, உணர்ச்சிப் பெருக்கில் ஓரிரவில் விளைந்துவிடுவதன்று.

நாம் கருத்திற் கொள்ள வேண்டிய மற்றொன்றும் உண்டு. இத்தனை பைத்துகளிலும் கவிஞர் தம் பாரிசவாயுவைப் பெயர் சொல்லி முறையிடவில்லை. நஸீபு என்னும் தொடக்கப் பகுதியில் கண்ணீரும் மெலிவும் வருகின்றன. அவை காதலனுக்குரிய மரபான மெலிவாகவே வருகின்றன. நோய் என்று அவர்கள் அஞ்சுவது நஃப்ஸின் நோயையே. உடலின் துன்பம் மறைந்துவிடவில்லை. ஆனால் அது கவிதையின் பொருளாகாமல், கவிதைக்குள் உறையும் வேகமாக மாறியிருக்கிறது. வரலாற்றை அறியாத ஒருவர் புர்தாவைப் படித்தால், இயற்றியவர் நோயாளி என்று கண்டுகொள்ள மாட்டார். ஒரு படைப்புக்கு இதனினும் பெரிய நற்சான்று வேண்டுவதில்லை.

ஓவியம் கையின் பழக்கம், மொழி நாவின் பழக்கம் என்னும் கருத்துப்பட ஔவையார் பெயரில் ஒரு தனிப்பாடல் நம்மிடையே வழங்குகிறது. கலை பயிற்சியால் வருவது என்பதை விளக்கப் பள்ளிகளில் அதனைச் சொல்லிக் கொடுக்கிறோம். அவ்வாறாயின், பழகிய கையும் பழகிய நாவும் ஒருநாளில் ஓய்ந்துவிட்டால் அந்தக் கலை எங்கே போகிறது? கையோடு போய்விடுகிறதா? அன்றி வேறெங்கேனும் தங்கியிருக்கிறதா?

இன்றைய மருத்துவம் இதற்கு ஓரளவு விடை தருகிறது. மூளைக்குச் செல்லும் குருதி தடைப்பட்டாலோ, மூளையினுள் குருதிக்குழாய் வெடித்தாலோ பக்கவாதம் உண்டாகிறது. மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தை ஆளுவது. வலக்கைப் பழக்கமுடையோரில் மிகப் பெரும்பாலோர்க்குப் பேச்சுக்குரிய இடங்களும் அவ்விடப்பாதியிலேயே உள்ளன. ஆகவே இடப்பாதி பழுதுற்றால் வலக்கையும் பேச்சும் ஒருசேர வீழ்வதுண்டு. அப்பேச்சிழப்பை மருத்துவர் அஃபேசியா என்பர். அறிவு மங்கிவிட்டது என்பது அதன் பொருளன்று. சொல்ல வேண்டிய கருத்து உள்ளே இருக்கும். அதற்குரிய சொல் வாராது. தண்ணீர் கேட்க நினைத்து வேறொரு சொல்லைச் சொல்லி, அது பிழையென்று தாமே உணர்ந்து தவிப்போர் உண்டு. அத்தகையோரிற் சிலர் இளமையில் மனனம் செய்த பாடலையும் ஓதிப் பழகிய ஸூராவையும் எண்வரிசையையும் தடையின்றிச் சொல்லுவர். பழக்கமாக உறைந்தது ஓரிடத்தும், புதிதாய்ச் சொல் கோப்பது வேறோரிடத்தும் நிகழ்வதே காரணம். மனனம் எஞ்சுவது பெரிய ஆறுதல்தான். எனினும் மனனம் வேறு, படைப்பு வேறு. பேச்சிழந்த ஒருவர் புதிதாகக் கவிதை படைக்க இயலுமா என்பதே கடினமான வினா.

அவ்வினாவுக்கு நம் காலத்தில் தம் வாழ்வாலேயே விடை தந்தவர் சுவீடன் நாட்டுக் கவிஞர் தோமாஸ் டிரான்ஸ்ட்ரோமர். 1931இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர், தொழிலால் உளவியலாளர். குற்றம் புரிந்த இளைஞரை அடைத்து வைக்கும் இல்லம் ஒன்றில் 1960களில் பணிபுரிந்தவர். 1954இல், தம் 23ஆம் வயதில், பதினேழே கவிதைகள் கொண்ட முதல் நூலை வெளியிட்டார். குறைவாக எழுதுவதும் எழுதியதை மேலும் சுருக்குவதும் அவருடைய இயல்பு. அவருடைய வாழ்நாட் கவிதைகள் அனைத்தும் ஒரே நூலுக்குள் அடங்கும். அரபு மொழியில் அவர் கவிதைகள் வந்தபோது, அம்மொழியின் பெருங்கவிஞர் அதோனிஸ் அப்பெயர்ப்புக்குத் துணை நின்றார்.

1990 நவம்பரில், 59ஆம் வயதில், டிரான்ஸ்ட்ரோமருக்குப் பக்கவாதம் கண்டது. வலப்பக்கம் செயலிழந்தது, பேச்சு ஏறத்தாழ முற்றும் போயிற்று. சில சொற்களே எஞ்சின. கவிஞனிடமிருந்து மொழியையே எடுத்துக்கொண்ட நோய் இது. இதன் பின்னர் 1996இல் 'துயரப் படகு' என்று நாம் பெயரிடத்தக்க தொகுப்பும், 2004இல் 'பெரும் புதிர்' என்னும் தொகுப்பும் வந்தன. 2011இல், 80ஆம் வயதில், இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. 2015 மார்ச்சு 26இல் மறைந்தார். மொழியிழந்த பின்னும் கவிஞராக அவர் வாழ்ந்த காலம் இருபத்து நான்கு ஆண்டுகள்.

அவரைப் பற்றி எழுதுவோர் தவறாது எடுத்துக்காட்டும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. பால்டிக் கடலைப் பொருளாகக் கொண்டு அவர் 1974இல் ஒரு நெடுங்கவிதை வெளியிட்டார். அதில் பெயர் சுட்டப்படாத ஓர் இசைப் படைப்பாளர் வருகிறார். அரசின் சினத்துக்கு ஆளாகி, பின்னர் மீண்டும் மதிப்புப் பெற்ற அவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழக்கிறது, பேச்சு குழறுகிறது. எனினும் இசை அவரை விட்டுப் போகவில்லை. தம் பாணியிலேயே தொடர்ந்து இயற்றுகிறார். இதை எழுதிய கவிஞருக்குப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் அதே வலப்பக்க வாதமும் அதே பேச்சிழப்பும் வந்தன.

இதனைத் தீர்க்கதரிசனம் என்பாருடன் நாம் உடன்படுவதற்கில்லை. மறைவானவற்றின் அறிவு அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. கவிஞருக்கு அதில் பங்கில்லை. நம்பிக்கையை விடுத்து இலக்கிய நோக்கில் மட்டும் பார்த்தாலும் அவ்விளக்கம் தேவைப்படுவதன்று. அவ்விசைவாணரின் வாழ்வு மெய்யாக நிகழ்ந்தது. சோவியத் நாட்டின் விஸ்ஸாரியோன் ஷெபாலினே அவர் என்று திறனாய்வாளர் அடையாளம் கண்டுள்ளனர். மாஸ்கோ இசைக் கல்லூரியின் தலைவராக 1942 முதல் இருந்து, 1948இல் அரசின் கண்டனத்துக்குள்ளாகிப் பதவி இழந்தவர். 1953இல் ஒருமுறை, 1959இல் இரண்டாம் முறை அவருக்குப் பக்கவாதம் கண்டது. இரண்டாவது தாக்குதலுக்குப் பின் பிறர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் தாம் பேசவும் பெரிதும் இடர்ப்பட்டார். அந்நிலையிலேயே 1962இல் தம் ஐந்தாம் சிம்பொனியை முடித்தார். அடுத்த ஆண்டு மறைந்தார். பெரும் இசைவாணர் ஷோஸ்தகோவிச் அந்தச் சிம்பொனியை உயர்ந்த படைப்பென்று பாராட்டினார். நரம்பியல் அறிஞர் லூரியாவும் உடன் பணியாற்றியோரும் 1965இல் இச்செய்தியை மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர். சொல்லுக்கு மூளை கொண்டுள்ள ஏற்பாடும் இசைக்கு அது கொண்டுள்ள ஏற்பாடும் ஒன்றல்ல என்பதற்கு ஷெபாலின் சான்றானார்.

உளவியல் கற்ற ஒரு கவிஞர் இத்தகைய வாழ்வை அறிந்து, அதன் துயரத்தையும் மேன்மையையும் உற்று நோக்கிக் கவிதையில் வைத்தார். பிற்காலத்தில் அதே துன்பம் அவருக்கும் நேர்ந்தது. இதிலிருந்து நாம் பெறத்தக்கது ஒன்று: பிறர் துன்பத்தைக் கூர்ந்து நோக்கியவனுக்கு, அது தன்மீது இறங்கும்போது, தான் எங்கே நிற்கிறோம் என்பதேனும் விளங்கும்.

எனினும் ஷெபாலினுக்கும் டிரான்ஸ்ட்ரோமருக்கும் ஒரு வேற்றுமை உண்டு. முன்னவருக்கு இசை வேறு வழியே எஞ்சியது. பின்னவருக்கோ பழுதுற்ற மொழியே கருவி. அவர் அதனை எவ்வாறு கையாண்டார்? 'பெரும் புதிர்' தொகுப்பின் பெரும்பகுதி ஹைக்கூ. மூன்றே அடி, பதினேழே அசை கொண்ட இந்த ஜப்பானிய வடிவம் கவிக்கோ அப்துல் ரகுமான் முதலியோர் முயற்சியால் தமிழ் வாசகர்க்கும் பழக்கமானது. பேச முடியாதவர் நீண்ட கவிதை எழுத இயலாமையால் சிறு வடிவத்தில் தஞ்சம் புகுந்தார் என்று இதற்குக் காரணம் கூறுவோர் உளர்.

அக்கூற்று பாதியளவே உண்மை. 1959இலேயே, ஓர் இளைஞர் சிறையை மனத்திற் கொண்டு, டிரான்ஸ்ட்ரோமர் ஒன்பது ஹைக்கூ எழுதியிருந்தார். அவை 2001இல்தான் அச்சேறின. உடல் நலத்தோடு, நெடுங்கவிதை எழுதும் ஆற்றலோடு இருந்த 28 வயது இளைஞர் தாமே விரும்பித் தேர்ந்த வடிவம் அது. சுருங்கச் சொல்லுதல் அவருக்கு நோய் கற்பித்த பாடமன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே அவர் தமக்கு விதித்துக்கொண்ட ஒழுக்கம். நோய் வந்து பெரிய மாளிகையின் அறைகளை ஒவ்வொன்றாகப் பூட்டியபோது, தாமே இளமையில் கட்டி வைத்திருந்த சிறிய அறை ஒன்று திறந்திருந்தது. அங்கே அமர்ந்து எழுதினார். ஔவையார் பெயரில் வழங்கும் அப்பாடலுக்கு நாம் எழுப்பிய வினாவின் விடையும் இதில் உண்டு. பழக்கம் கையிலும் நாவிலும் மட்டும் தங்குவதில்லை. எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரியும் தேர்ச்சியிலும் அது தங்குகிறது. நா ஓய்ந்த பின்னும் அத்தேர்ச்சி ஓயாதிருக்கக் கூடும்.

ஆயின் திறனாய்வு என்பது புகழ்ச்சி மட்டும் அன்று. 1974ஆம் ஆண்டு நெடுங்கவிதையில் பாட்டனார் காலத்துக் கடற்பயணமும் அரசியல் அச்சமும் குடும்ப நினைவும் ஒன்றோடொன்று பின்னி விரியும். அந்த விரிவு பிற்காலத்தில் இல்லை. அது ஓர் இழப்பே. ஹைக்கூக்களுள் சிலவற்றில் படிமம் முழுதும் மலராமல் குறிப்பாகவே நின்றுவிடுகிறது. அவற்றை வேறொரு கவிஞர் எழுதியிருந்தால் நாம் எந்த அளவுகோலால் அளப்போமோ, அதே அளவுகோலால்தான் இவற்றையும் அளத்தல் வேண்டும். அவ்வாறு அளந்த பின்னும் நிமிர்ந்து நிற்பவை பல. 1996ஆம் ஆண்டுத் தொகுப்பிலுள்ள 'ஏப்ரலும் மௌனமும்' அவற்றுள் ஒன்று. உறைக்குள் கிடக்கும் ஓர் இசைக்கருவியையும் அடகுக்கடையில் எட்டாத இடத்தில் மின்னும் வெள்ளியையும் கொண்டு, சொல்ல விரும்பியதைச் சொல்ல மாட்டாத நிலையை அது உணர்த்துகிறது. அடகு வைத்த பொருள் உரியவருடையதே, கண்ணுக்கும் தெரிகிறது, கைக்கு மட்டும் வாராது. பேச்சிழப்பை இதனினும் துல்லியமாக எந்த மருத்துவ நூலும் விளக்கியதில்லை என்போம். இங்கும் நோயின் பெயரோ தன்னிரக்கமோ இல்லை. இமாம் பூஸீரி (ரஹ்) அவர்களின் கஸீதாவும் இச்சிறு கவிதையும் காலத்தாலும் கொள்கையாலும் வெவ்வேறு உலகத்தவை. எனினும் நோயைப் புலம்பலாக விடாமல் கலையாக மாற்றும் அடக்கம் இரண்டிலும் ஒன்றே.

நோயுற்ற படைப்பாளிக்கு வாசகர் எவ்வளவு சலுகை தரலாம் என்பதற்கு அரபு உரைநடையின் பேராசான் ஜாஹிழ் வழிகாட்டுகிறார். பஸ்ராவைச் சேர்ந்த அவர் ஹிஜ்ரி 255இல் மறைந்தவர். முதுமையில் ஃபாலிஜ் கண்டு பாதியுடல் உணர்விழந்து வாழ்ந்தவர். விலங்குகளைப் பற்றிய தம் பெருநூலாகிய 'கிதாபுல் ஹயவானை' எழுதுங்காலும் நோய் அவரை வருத்தியது. அந்நூலினுள் ஓரிடத்தில், தாம் எண்ணியவாறு நூலை முடிக்கத் தடையானவற்றை அவர் வரிசைப்படுத்துகிறார். கடும் நோய் ஒன்று; உதவி செய்வோர் குறைவு என்பது மற்றொன்று; நூலின் நீளமும் ஒரு தடை. நோயை அவர் மறைக்கவில்லை; அதனைத் தனி மேடையில் ஏற்றவும் இல்லை. ஆள் குறைவு, வேலை மிகுதி என்னும் அன்றாடத் தடைகளோடு ஒன்றாக வைத்து, வேலையைத் தொடர்கிறார். படிப்பவரும் அவ்வாறே கொள்ளுதல் தகும்.

ஜாஹிழ் சொன்ன இரண்டாம் தடை, உதவி செய்வோர் குறைவு, நம் குடும்பங்களுக்கு நேரே பொருந்துவது. டிரான்ஸ்ட்ரோமருக்கு அக்குறை நேராமல் பார்த்துக்கொண்டவர் அவர் மனைவி மோனிக்கா. கணவர் உரைத்த ஓரிரு சொல்லையும் முகக்குறிப்பையும் கொண்டு அவர் கருத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னார். இளமை முதல் பியானோ வாசித்துப் பழகிய கவிஞர், நோய்க்குப் பின் இடக்கையால் மட்டும் வாசித்தார். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைனுக்காகப் பிரெஞ்சு இசைவாணர் ராவெல் முதலியோர் இடக்கைக்கென்றே இசை இயற்றியிருந்தனர்; அவ்வகையில் ஒரு தனி மரபே உருவாகியிருந்தது. டிரான்ஸ்ட்ரோமருக்காகவும் சுவீடன் இசைவாணர் சிலர் இடக்கைக்குரிய புதிய இசைகளை இயற்றித் தந்தனர். அவர்கள் தந்தது இரக்கத்தை அன்று, வேலையை. நோபல் பரிசு பெறுவோர் ஆற்ற வேண்டிய சொற்பொழிவும் 2011இல் அவ்வாறே அமைந்தது. பேச இயலாத கவிஞருக்காக, அவருடைய கவிதைகளைப் பிறர் வாசித்தலும் இசையுமாக அந்நிகழ்ச்சி நடந்தது. மேடையை மனிதருக்கேற்ப மாற்றினார்கள். மேடைக்கு உதவாதவர் என்று மனிதரை விலக்கவில்லை.

நம்மிடையே நிலைமை யாது? நன்றாக எழுதிய, நன்றாகப் பாடிய, நன்றாக வரைந்த ஒருவர் வாதத்தில் வீழ்ந்தால் குடும்பத்தார் அன்போடு பணிவிடை செய்கின்றனர். மருந்தும் உணவும் தவறுவதில்லை. ஆனால் பேனாவும் தாளும் அவர் கையெட்டும் இடத்திலிருந்து அகன்றுவிடுகின்றன. வந்து விசாரிப்போர் அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் படர்க்கையில் பேசுகின்றனர். பேச்சு போனமையால் அறிவும் போயிற்றென்று கருதுகின்றனர். இஃது ஒரு தவறு. இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தவறு உண்டு. நோயாளி எதைக் கிறுக்கினாலும் அற்புதம் என்று கொண்டாடி, அதனைப் பொறுமைக்குச் சான்றாக ஊராருக்குக் காட்டுதல். முதலாவது அவரைக் கலைஞராகவே கருதாமை. இரண்டாவது அவர் கலையைக் கருதாமை. பிழையைப் பிழையென்று சொல்லக் கேட்கும் உரிமை, நலமுள்ள கலைஞரைப் போலவே நோயுற்ற கலைஞருக்கும் உண்டு.

மற்றொன்றையும் தெளிவாகச் சொல்லுதல் கடன். பக்கவாதம் கலையை வழங்குவதில்லை. துன்பமே கவிதைக்குத் தாய் என்று எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். அவ்வாறு சொல்லுவது நோயில் கிடப்போர்க்குச் செய்யும் தீங்கு. நோயால் எழுத்து நின்றுவிட்டவர் எண்ணற்றோர். அவர்கள் முயற்சியில் குறைந்தவர் அல்லர். அவர்கள் மூளையில் பழுது விழுந்த இடம் வேறு, ஆழம் வேறு. டிரான்ஸ்ட்ரோமரைக் காட்டி அவர்களிடம், நீங்களும் எழுதலாமே என்று கேட்பது கொடுமை. இதில் நாம் செய்யத்தக்கது கதவைத் திறந்து வைப்பது மட்டுமே. நுழைவது அவர் ஆற்றலையும் இறைவன் நாட்டத்தையும் பொறுத்தது.

ஆகவே அடுத்த முறை புர்தா ஓதும் மஜ்லிஸில் அதன் வரலாறு சொல்லப்படும்போது, போர்வை போர்த்தப்பட்ட அந்த இரவுக்கு முன் இருந்த நாள்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பாதியுடல் மரத்துக் கிடந்த ஒருவர் மீம் எழுத்தில் முடியும் அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருந்த நாள்கள் அவை. உங்கள் இல்லத்திலும் அத்தகைய ஒருவர் கட்டிலில் இருப்பாராயின், அவர் சொல்லைத் தேடும்போது நீங்கள் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்க விரையாதீர்கள். சிறிது பொறுத்திருங்கள். அச்சொல் வந்தாலும் வரும்.